வேலைக்கும் போய்க்கொண்டே ஓவியம் வரைய: பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிளஸ் டூ முடித்ததும் கும்பகோணம் ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். வீட்டு நிலைமையில் பி.காம். சேர வேண்டியதாயிற்று. அப்புறம் பெங்களூர். பொம்மனஹள்ளியில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை, ஈஜிபுராவில் ஒற்றை அறை வீடு. ஒன்பது வருடம் தூரிகையைத் தொடவில்லை. "கொஞ்சம் கடன் அடையட்டும், பெரிய வீடு பார்த்ததும் ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடன் அடைந்தது. வீடு அதேதான். ஒருநாள் ஊரில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அந்த விண்ணப்பம் மஞ்சள் பூத்துக் கிடந்தது. அடுத்த வாரமே ஆரம்பித்துவிட்டேன்.

இப்போது மூன்றரை ஆண்டு ஆகிறது. ஒருமுறை சித்ர சந்தேயில், அதாவது பெங்களூரில் வருடாவருடம் நடக்கும் ஓவியச் சந்தையில், படம் வைத்து விற்றிருக்கிறேன். வேலையை விடவில்லை, விடும் நிலையிலும் இல்லை. ஆனால் காலையில் எழுந்திருக்க எனக்கென்று ஒரு காரணம் இருக்கிறது. இந்த இடத்துக்கு வர, வீணான பணமும் மாதங்களும் நிறைய. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. முதலில் நேரம், இரண்டாவது இடம், மூன்றாவதுதான் கடை

எல்லாரும் கடைக்குத்தான் முதலில் ஓடுகிறோம். நானும் ஓடினேன். இரண்டடிக்கு மூன்றடி கேன்வாஸ் ஒன்றை வாங்கிவந்து பீரோவுக்குப் பின்னால் எட்டு மாதம் சாத்தி வைத்திருந்தேன்.

அதற்கு முன், ஒரு வாரம் உங்கள் நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். சில்க் போர்டு நெரிசலில் வீடு திரும்பிய பிறகு மாலையில் வரைவேன் என்று நம்பாதீர்கள். உடம்பு ஒத்துழைக்காது. எனக்குக் கிடைத்தது காலை 5.15 முதல் 6.15 வரை. எங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். வருகிற நாளில் தொட்டி நிரப்பவே அந்த ஒரு மணி நேரம் போய்விடும். அதனால் என் கணக்கு வாரம் நான்கு காலை. உங்களுக்கு இரண்டு காலைதான் கிடைக்கும் என்றால் இரண்டு போதும். ஆனால் அது எந்த இரண்டு என்று முடிவுசெய்து, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாத நேரத்தை யாரும் மதிக்கமாட்டார்கள், நாமும் சேர்த்துத்தான்.

இடத்துக்கு மூன்றடிக்கு மூன்றடி போதும். தரையில் பழைய பிளக்ஸ் பேனரைப் பின்பக்கமாகத் திருப்பி விரியுங்கள். இந்த ஊரில் வீட்டைக் காலி செய்யும்போது பெயிண்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பது வழக்கம். தரையில் சாயம் ஒட்டியிருந்தால் அதற்கு மேலும் கேட்பார்கள். எனக்கு முதல் வீட்டில் அப்படி 3,000 ரூபாய் கூடுதலாகப் போனது. பிஜியில் இருப்பவர்கள் அறைத்தோழரிடமும் பொறுப்பாளரிடமும் முன்பே பேசிவிடுங்கள்.

விளக்கும் முக்கியம். மஞ்சள் பல்பில் வரைந்தால் நிறம் ஏமாற்றும். ஒரு வாரம் உழைத்து வரைந்த வானம் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் ஊதா அடித்துக்கொண்டு நின்றது. 'டேலைட்' என்று போட்ட எல்இடி பல்பு ஒன்று வாங்கி அந்த மூலையில் மாட்டுங்கள். பெரிய செலவில்லை.

2. பொருள் வாங்குவது

வாடகை வீட்டுக்கு அக்ரிலிக் அல்லது வாட்டர்கலர் சரி. ஆயில் பெயிண்ட்டுக்கு டர்பன்டைன் வேண்டும், அதன் நெடி ஓர் அறை முழுக்க நிற்கும். அதோடு ஓர் ஆபத்தும் உண்டு. ஆயில் பெயிண்ட்டில் இருக்கும் ஆளி விதை எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். ஆயிலில்தான் வரைவேன் என்றால், துணியை வெளியில் விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

நிறம் ஐந்து போதும்: டைட்டானியம் ஒயிட், லெமன் யெல்லோ, கிரிம்சன், அல்ட்ராமரைன் புளூ, பர்ன்ட் சியன்னா. கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கடையில் வாங்கும் கறுப்பைவிட உயிருள்ள கறுப்பு வரும். 24 நிறப் பெட்டி வாங்கினால் கலக்கக் கற்றுக்கொள்ளவே மாட்டீர்கள். தூரிகை மூன்று: தட்டையானது இரண்டு, கூர்முனை ஒன்று. சாயம் கலக்கும் பாலெட்டுக்குப் பழைய எவர்சில்வர் தட்டு. கேன்வாஸ் போர்டு 8-க்கு 10 அங்குலத்தில் பத்து. எல்லாம் சேர்த்து எனக்கு 1,650 ரூபாய் ஆனது. அதன்பிறகு மாதம் 500 ரூபாய் ஒதுக்குகிறேன். சீட்டுப் பணம் மாதிரி, சம்பளம் வந்த அன்றே எடுத்து வைத்துவிடுவேன்.

வாட்டர்கலர் என்றால் சாயத்தில் மிச்சம் பிடியுங்கள், தாளில் பிடிக்காதீர்கள். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாளே வாங்குங்கள். மெல்லிய தாள் நனைந்ததும் அப்பளம் மாதிரி வளையும். 'நமக்குக் கை வராது' என்று நினைத்து விட்டுவிடுவோம். கோளாறு தாளில்தான் இருக்கும்.

காகிதமும் எழுதுபொருளும் அவென்யூ ரோடு, சிக்பேட்டை பக்கம் மலிவு. ஞாயிறு அன்று அங்கே பல கடைகள் மூடியிருக்கும், நடைபாதையில் பழைய புத்தகம்தான் விரிந்திருக்கும். சனிக்கிழமை போங்கள்.

சாயம் கழுவிய தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக், குழாயை அடைக்கும். ஒரு டப்பாவில் ஊற்றி வண்டல் அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் ஊற்றிவிட்டு, வண்டலைக் குப்பையில் போடுங்கள்.

3. எதை வரைவது

முதல் மூன்று மாதம் நான் வரைந்தது எல்லாம் போனில் பார்த்த பனிமலையும் மேப்பிள் மரமும். கை பழகியது, மனசு ஒட்டவில்லை. ஒருநாள் காலையில் தொட்டி நிரம்பக் காத்திருந்தபோது எதிர்வீட்டு மாடிப்படியைப் பார்த்தேன். மூன்று நீல டிரம். ஒன்றின் மூடி உடைந்து, அதன்மேல் ஒரு அலுமினியத் தட்டைக் கவிழ்த்து, தட்டு பறக்காமல் இருக்க அம்மிக் குழவி. விடியல் வெளிச்சம் தட்டில் மட்டும் பட்டது. டிரம்மின் நீலம் கீழே போகப்போகப் பச்சையாகி, சிமெண்ட் படியில் மெல்லிய நிழலாக இறங்கியது. அதை ஆறு காலை வரைந்தேன். தினமும் எரிச்சலோடு பார்த்த டிரம்தான். அந்த ஆறு நாளும் 'இன்றைக்கு என்ன நிறத்தில் இருக்கும்' என்று ஆசையாக எழுந்தேன். கனவை எதில் ஊன்றுவது என்று அன்றைக்குப் புரிந்தது. உங்கள் தெருவிலேயே பாருங்கள்.

தெரு போதவில்லை என்றால் ஊரே இருக்கிறது. ஞாயிறு காலை கப்பன் பூங்காவுக்குள் வண்டிகளை விடுவதில்லை, ஸ்கெட்ச் நோட்டோடு உட்காரலாம். அல்சூர் ஏரிக்கரை, தமிழ்ச் சங்கத்துப் பக்கம், காலை வேளையில் அமைதியாக இருக்கும். ஜனவரி தொடங்கி இளஞ்சிவப்பு டபேபூயா, அப்புறம் மஞ்சள், ஜகரண்டா, சித்திரை வாக்கில் குல்மோகர் என்று மரங்களே வரிசை வைத்துப் பூக்கும்.

பார்க்கவும் போங்கள். பேலஸ் ரோட்டில் மாணிக்கவேலு மாளிகையில் தேசிய நவீன கலைக்கூடம் இருக்கிறது. நுழைவுச் சீட்டு 20 ரூபாய், திங்கள் விடுமுறை. கஸ்தூர்பா ரோட்டு வெங்கடப்பா கலைக்கூடத்துக்குப் போகும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கே. வெங்கடப்பா வரைந்த ஊட்டி, கொடைக்கானல் நீர்வண்ணப் படங்கள் பெயர் பெற்றவை. நம் மலைகளை அவர் எப்படி வரைந்திருக்கிறார் என்று பாருங்கள்.

4. வகுப்பு

சேரலாம். ஆனால் ஆறு மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்கும் இடம் வேண்டாம். நான் 12,000 கட்டிய இடம் இரண்டாம் மாதமே வேறு பகுதிக்கு மாறிவிட்டது, பணம் திரும்பவில்லை. ஒரு மாதம் கட்டுங்கள், பிடித்தால் தொடருங்கள். ஆசிரியர் உங்கள் படத்தில் அவரே தூரிகை வைத்துத் திருத்திக் கொடுத்தால், வேறு இடம் பாருங்கள்.

வயது 18 முதல் 25-க்குள் இருந்து முறையாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை உண்டு. மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டு. ஓவியமும் அதில் அடக்கம்.

5. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிறப்புச் சான்று

படம் முடிந்த அன்றே, பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: தலைப்பு, எதில் வரைந்தது, அளவு, ஆண்டு. அதையே ஒரு நோட்டிலும் வரிசை எண் போட்டு எழுதுங்கள். 'எத்தனை படம் வரைந்திருக்கிறேன்' என்று மனசு சோர்ந்த நாளில் அந்த நோட்டைப் புரட்டினாலே தெம்பு வரும்.

போட்டோவைக் காலை ஒன்பது, பத்து மணிக்கு நிழலில் எடுங்கள். பிளாஷ் வேண்டாம். படமும் போனும் நேருக்கு நேர் இருக்க வேண்டும், சாய்ந்தால் படத்தின் ஓரம் கோணும். விண்ணப்பங்களில் முதலில் கேட்பது இந்த போட்டோதான். நல்ல படம் மங்கலான போட்டோவால் தள்ளுபடியாவதைப் பார்த்திருக்கிறேன்.

காப்புரிமைக்காக யாரும் 5,000, 8,000 கேட்டால் கொடுக்காதீர்கள். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி படத்தை வரைந்த கணமே உரிமை உங்களுடையது. பதிவு கட்டாயம் இல்லை. பதிவு செய்தே தீர வேண்டும் என்றால் ஒரு ஓவியத்துக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பு உண்டு. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. இணையத்தில் கிடைத்த ஒருவரின் புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைந்து விற்றால், அந்தப் புகைப்படக்காரரின் உரிமையை நீங்கள் மீறுகிறீர்கள். விற்கும் படத்துக்கு நீங்களே எடுத்த போட்டோவை வைத்துக்கொள்ளுங்கள்.

6. விற்கும் முன் அலுவலகத்தைக் கேளுங்கள்

இதை யாருமே சொல்வதில்லை. உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். 'வேறு வருமானம் தரும் தொழில் செய்யக் கூடாது' என்று பல நிறுவனங்களில் ஒரு வரி இருக்கும். ஐடி நிறுவனங்களில் இது கண்டிப்பு. மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: அலுவலக நேரத்துக்கு வெளியே ஓவியம் வரைகிறேன், கண்காட்சியில் வைக்க விரும்புகிறேன், நிறுவன வேலைக்கு இதனால் இடையூறு இல்லை. பதில் எழுத்தில் வரட்டும். எனக்குப் பதில் வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் விண்ணப்பக் கடைசி நாள் போய்விட்டது, ஒரு வருடம் வீண். முன்கூட்டியே கேளுங்கள்.

7. கோப்பு ஒன்று தயார் செய்யுங்கள்

ஒரே உறையில், போனில் ஒரே இடத்தில்: ஆதார், பான் கார்டு, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம், சிறந்த ஐந்து படங்களின் போட்டோ, உங்களைப் பற்றி அரைப் பக்கம். அரைப் பக்கத்தில் 'சிறுவயது முதலே ஆர்வம்' என்று எழுதாமல், எதை வரைகிறீர்கள், ஏன் அதை என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஒன்று, தெரிந்த கன்னட நண்பரிடம் கொடுத்துக் கன்னடத்தில் ஒன்று.

8. சித்ர சந்தே

கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்துவது. குமார கிருபா ரோடு, சிவானந்தா சர்க்கிள் பக்கம். வழக்கமாக ஜனவரி முதல் ஞாயிறையொட்டி ஒரே நாள். அன்றைக்கு அந்தச் சாலையில் வண்டி கிடையாது, இரு பக்கமும் ஓவியர்கள்தான். நூறு ரூபாய் படத்திலிருந்து லட்ச ரூபாய்ப் படம் வரை இருக்கும். கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்ற தயக்கத்தை விடுங்கள். வாங்குபவர் உங்கள் முகத்தைப் பார்த்து, உங்களிடமே பேசி வாங்குவார்.

கட்டணமும் கடைசி நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆவணி மாதத்திலிருந்தே பரிஷத்தின் அறிவிப்பைக் கவனியுங்கள். வருடாவருடம் ஒரு சமர்ப்பணம் உண்டு. 2024-இல் விண்வெளி விஞ்ஞானிகளுக்கு, 2025-இல் பெண் குழந்தைகளுக்கு. அதற்காக அவசர அவசரமாக ராக்கெட் வரையத் தேவையில்லை, உங்கள் படத்தையே வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டதும், 'சர்வதேசக் கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள், பங்கேற்புக் கட்டணம் இவ்வளவு' என்று செய்தி வரும். சான்றிதழும் கேடயமும் தருவார்கள். நானும் ஒரு முறை 6,000 கட்டினேன். ஒரு விடுதியின் பேஸ்மென்ட்டில் முப்பது பேர் படம், பார்க்க வந்தவர்களும் அந்த முப்பது பேரின் குடும்பங்கள்தான். விண்ணப்பிக்காமலே தேர்வானால், பணம் கட்டாதீர்கள்.

காபிக் கடையிலோ கேலரியிலோ படத்தைக் கொடுத்து வைத்தால், எழுத்தில் வாங்குங்கள்: எந்தப் படம், என்ன விலை, அவர்கள் பங்கு எவ்வளவு, எந்தத் தேதியில் திரும்பும், சேதமானால் யார் பொறுப்பு. கேலரிகள் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கேட்பது சாதாரணம், அதிர்ச்சி அடைய வேண்டாம்.

9. விலை

சதுர அங்குலக் கணக்கு எளிது. 12-க்கு 16 என்றால் 192 சதுர அங்குலம். ஒன்றுக்கு 10 ரூபாய் வைத்தால் 1,920. படச் சட்டத்துக்கு (ஃபிரேம்) 650 சேர்த்தால் 2,570. தெரிந்தவர்களுக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு ஒரு விலை வேண்டாம். உறவினர் இலவசமாகக் கேட்டால் சிறிய ஸ்கெட்ச் ஒன்றை மனதாரக் கொடுங்கள். பெரிய படத்தைக் கொடுத்துவிட்டு உள்ளுக்குள் வருந்தாதீர்கள்.

எல்லாப் படத்துக்கும் சட்டம் போடாதீர்கள். நான் சந்தேக்குக் கொண்டுபோன 14 படத்தில் ஆறுக்கு மட்டும் போட்டேன், 3,900 ரூபாய். வண்டி 900, கிளிப், கம்பி, துணி 400. விற்றது நான்கு படம், 9,200 ரூபாய். விண்ணப்பக் கட்டணமும் சாயச் செலவும் கழித்தால் கையில் நின்றது கொஞ்சம்தான். முதல் ஆண்டுக்கு இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

10. அந்த ஒரு நாள்

முதல் நாளே பொட்டலம் கட்டுங்கள். பபிள் ராப் நேராக அக்ரிலிக் மேல் பட்டால் வெயிலில் ஒட்டிக் குமிழ் தடம் விழும். நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். ஜனவரி விடியலில் பனி இறங்கும், ஸ்வெட்டரும் ஒரு பழைய போர்வையும் வேண்டும், போர்வை படத்துக்கு. குடை, தண்ணீர், இட்லி, துணைக்கு ஒருவர். தனியாகப் போனால் கழிப்பறைக்குக் கூட நகர முடியாது. லட்சக்கணக்கில் ஜனம் வருவதால் மதியம் நெட்வொர்க் திணறும், யூபிஐ நிற்கும். சில்லறை வைத்திருங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகே படத்தைக் கொடுங்கள்.

கன்னடம் கொஞ்சம் வேண்டும். 'எஷ்டு' என்றால் எவ்வளவு. 'ஸ்வல்ப கம்மி மாடி' என்றால் கொஞ்சம் குறையுங்கள். இந்த இரண்டையும் நூறு தடவை கேட்பீர்கள்.

மதியம் மூன்று மணி இருக்கும். மர்பி டவுனில் இருந்து வந்த ஒரு அம்மா டிரம் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். "என்னம்மா, இது எங்க வீட்டு மாடிப்படி மாதிரியே இருக்கு. குழவிய எதுக்கு வெச்சிருக்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். விலையைக் கேட்டார், யோசித்தார், போய்விட்டார். அரை மணி கழித்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்து வாங்கிப் போனார். ஒன்பது வருடம் தள்ளிப்போட்டது எதை என்று அப்போது தெரிந்து, துணிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

11. பணம் வந்த பிறகு

நான்கு படம் விற்றாலும் அது வருமானம், கணக்கில் காட்ட வேண்டும். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவத்தில் வியாபார வருமானம் காட்ட இடமில்லை. ஐடிஆர்-4 அல்லது ஐடிஆர்-3 போட வேண்டியிருக்கும். விற்ற தேதி, படம், தொகை, வாங்கியவர் பெயர், சாயம் வாங்கிய ரசீது எல்லாம் ஒரே நோட்டில் இருந்தால் ஆடிட்டர் வேலை பத்து நிமிடம். கர்நாடகத்துக்குள் பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டாத வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினால் விதி வேறு, அப்போது ஆடிட்டரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

சந்தைக்கு மறுநாள் திங்கட்கிழமை. முடிந்தால் அரைநாள் விடுப்பு முன்பே சொல்லி வையுங்கள், கால் வீங்கியிருக்கும். விற்காத படங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி அடுக்காமல், காற்றுப் படும்படி நிறுத்தி வையுங்கள். அப்புறம் அடுத்த போர்டில் ஜெஸ்ஸோ (சாயத்துக்கு முன் அடிக்கும் வெள்ளை அடிப்பூச்சு) அடியுங்கள். காய ஒரு மணி நேரம் ஆகும். அலுவலகம் கிளம்பும் முன் இரண்டு பூச்சு அடித்துவிட்டால், செவ்வாய்க்கிழமை 5.15-க்குப் பலகை தயாராக இருக்கும்.